மூன்று டன் கொசுறு

காலடியில் நிலம் அசையாமல் இருப்பதற்கு எங்கள் மண்டியில் விலை, டன்னுக்கு மாதம் நானூறு ரூபாய். வரி தனி.

ஒரு காலத்தில் இது இலவசமாகக் கிடைத்ததாம். அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. ஈரம் பட்டால் பொங்கும், காய்ந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மழை ஒழுங்காகப் பெய்த நாட்களில் கட்டடங்கள் இதைச் சகித்துக்கொண்டன. பதினொரு மாதம் அனல், ஒரு மாதம் வெள்ளம் என்று ஆன பிறகு, பால் காய்ச்சிய வீடு மறுபொங்கலுக்குள் வாய் பிளந்தது. கடைசியில் அரசாங்கம் சட்டம் போட்டது. கரிசலில் எது கட்டினாலும் ஒவ்வொரு தூணுக்கு அடியிலும் ஜாக்கி இருக்க வேண்டும். லாரிக்கு டயர் மாற்ற வைக்கிறோமே, அதன் இனம்தான், கொஞ்சம் படித்தது. மண் இறங்கினால் தூணைத் தூக்கிக் கொடுக்கும், மண் பொங்கினால் இறக்கிக் கொடுக்கும்.

ஜாக்கி வந்தால் காப்பீடு வரும். காப்பீட்டுக் கம்பெனிக்காரன் கட்டடத்தைப் பார்க்கவில்லை, தூணைப் பார்த்தான். எந்தத் தூண் எத்தனை டன் தாங்குகிறதோ, அந்தத் தூணுக்கு உடையவர் அத்தனை டன்னுக்குப் பணம் கட்ட வேண்டும். ஆக, வெங்காயம், வத்தல், துவரை வரிசையில் பளுவுக்கும் ஒரு விலை வந்தது. விலை வந்த இடத்தில் தரகன் வருவான். அப்படி வந்தவன் நான். தவசிலிங்கம், உரிமம் பெற்ற பளுத் தரகன். எங்கள் குடும்பம் மாட்டுச் சந்தையில் தரகு பார்த்த குடும்பம். மாடு போய்விட்டது, துண்டு மட்டும் மிஞ்சியது.

நான் தரகு பார்த்த இடத்துக்கு ஒன்பதுகால் மண்டி என்று பெயர். வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசைத் தூண்கள். தூணைச் சுற்றிக் கீழே ஒரு கடை, மேலே எல்லோருக்கும் பொதுவாகச் சரக்கு அடுக்குகிற கிட்டங்கி. சரக்கோடு சேர்த்து மொத்த எடை தொள்ளாயிரம் டன். ஜாக்கிகளைச் சரிபார்த்து வைத்தால் தூணுக்கு நூறு டன். ஒவ்வொரு தூணிலும் சிவப்பு எண்கள் ஓடுகிற ஒரு பலகை இருக்கும். கடைக்கு வருகிறவன் பருப்பு விலையைப் பார்ப்பதற்கு முன்னால், கடைக்காரர் தன் தூண் பலகையைப் பார்த்து முடித்திருப்பார்.

ஜாக்கியைத் திருக இரண்டு சாவி வேண்டும். ஒன்று கடைக்காரரிடம், மற்றொன்று என்னிடம். எதைத் திருகினாலும் ஜாக்கிகளைக் கண்காணிக்கிற மிஷின் குறித்துக்கொள்ளும், அரை மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால். அதற்குக் கீழே எது நகர்ந்தாலும் மிஷின் அதை வெயிலின் கணக்கில் எழுதிவிடும். இரும்பு வெயிலில் நீளும், நிழலில் சுருங்கும். அதையெல்லாம் குறித்துக்கொண்டிருந்தால் மிஷினுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று சட்டம் எழுதியவர்கள் இரக்கப்பட்டிருக்கிறார்கள்.

அந்த இரக்கத்துக்குள் முதலில் விரலை விட்டவர் ரத்தினவேல் அண்ணாச்சி. பருப்பு மண்டி, சங்கத் தலைவர், முதல் தூணுக்கு உடையவர். ஒரு நாள் பில்லைப் பார்த்துவிட்டு, நூறு டன்னுக்கு நாற்பதாயிரம் கட்டுவதில் தனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்றார். ஆனால் இவ்வளவு வாங்குகிற இடத்தில் கொசுறு என்று ஒன்று கிடையாதா என்று கேட்டார்.

எங்கள் ஊர்க்காரர்களைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். இரண்டு கிலோ கத்திரிக்காய் வாங்கியவனுக்கு மேலே ஒரு கொத்துக் கறிவேப்பிலை விழவில்லை என்றால், அவன் களவு கொடுத்தவன் மாதிரி வீட்டுக்குப் போவான். கொசுறை யாரும் எடை போடுவதில்லை, கணக்கில் எழுதுவதும் இல்லை. அது மரியாதை. நான் துண்டை விரித்தேன். இரண்டு பேர் கையும் உள்ளே போனது. மாட்டுச் சந்தையில் எப்படியோ அப்படியே விரலைப் பிடித்து விரலை விட்டு விலை முடிந்தது. அரை மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவாக அவருடைய ஜாக்கியை இறக்கினேன். வெளியே யாருக்கும் சொல்லவேண்டாம் என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டார்.

நான் யாருக்கும் சொல்லவில்லை. அதே வாரத்தில் இன்னும் ஏழு கடைக்குத் துண்டோடு போனேன். அவர்களும் யாருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். துண்டின் அழகு அதுதான். எட்டுப் பேரும் தனக்கு மட்டும் கிடைத்ததாக நினைத்துக்கொண்டு எட்டு மடங்கு நன்றியோடு இருப்பார்கள். வாரக் கடைசியில் எட்டுப் பலகையும் தொண்ணூற்றேழு காட்டின. ஆளுக்கு மூன்று டன் லாபம், மாதம் ஆயிரத்து இருநூறு. அதில் எனக்கு இருநூறு. அந்த மூன்று டன் எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. வியாபாரத்தில் குறைந்ததைப் பற்றி விசாரிப்பது பழக்கமில்லை.

ஒன்பதாவது ஆள் ஞானசுந்தரி. நட்டநடுத் தூண், ஐந்தாம் எண். சாக்குக்கடை. மண்டியில் எல்லோருக்கும் சாக்கு வேண்டும், எல்லோரும் அவளிடம்தான் வாங்கியாக வேண்டும். கடைக்கு மேலே 'ஒரே விலை' என்று பலகை வைத்திருந்தாள். எங்கள் ஊரில் அப்படிப் பலகை வைப்பது ஏறக்குறைய வசவு. அவள் விலை குறைக்கவும் மாட்டாள், வாங்குகிற இடத்தில் குறைத்துக் கேட்கவும் மாட்டாள். நாற்பத்தைந்து வயது. மூன்று தையல் மிஷின். மதியம் பருப்புப் புடைக்கிற பெண்கள் ஐந்தாறு பேர் அவள் தூணின் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தண்ணீர்ப் பானை அவளுடையது.

நான் துண்டை நீட்டியபோது அவள் கையைத் தையல் மிஷினிலிருந்து எடுக்கவில்லை.

"துணிக்குள்ள கையை விட்டுப் பேசுற பேச்சு எனக்கு எதுக்கு? வெளிய சொல்லுங்க, கேக்கேன்."

வெளியே சொல்ல முடிகிற விஷயமாக இருந்தால் துண்டு எதற்கு? நல்ல வெயில் என்று ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த மாதமும் எட்டுப் பேருக்குக் கொசுறு வேண்டியிருந்தது. ஒரு முறை கொடுத்த கொசுறு மறுமுறை உரிமையாகிவிடும். தொண்ணூற்று நாலு. அதற்கடுத்த மாதம் தொண்ணூற்றொன்று. ஞானசுந்தரியின் பலகை மட்டும் வேறு பக்கம் ஓடியது. நூற்றிருபத்து நாலு, நூற்று நாற்பத்தெட்டு, நூற்று எழுபத்திரண்டு.

இரண்டாவது மாதமே பில்லை எடுத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தாள். கடையில் ஒரு துரும்பு கூட்டி வைக்கவில்லை, பிறகு எப்படி நாற்பத்தெட்டு டன் கூடும் என்று கேட்டாள். எனக்கும் அப்போது முழுசாகத் தெரியாது. சந்தேகம் இருந்தது. சந்தேகத்தை விசாரிக்காமல் வைத்திருப்பது ஒரு கலை, அது எனக்குக் கைவந்தது. மண்ணைக் கை காட்டினேன். "உங்க தூணுக்கு அடியில கரிசல் பொங்கியிருக்குமக்கா. அது தூக்கிவிட்டா பளு ஏறத்தான் செய்யும்."

அவள் பில்லை மடித்தாள். மண் செய்த காரியம் என்றால் யாரைக் கேட்பது என்றாள். பணத்தைக் கட்டிவிட்டாள். மூன்றாவது மாதம் மூன்று தையல் மிஷின்களில் ஒன்று கடையில் இல்லை. நாலாவது மாதம் ஒன்றுதான் இருந்தது.

அந்த நாலாவது மாதம்தான் நித்திலா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். சங்கம் வைத்திருந்த என்ஜினியர். சின்னப் பெண், கணக்கில் புலி, ஆட்களை எடை போடத் தெரியாது. அவள் திரையில் ஒன்பது தூண்களும் புள்ளிகளாக நின்றன. நடுப்புள்ளி சிவந்திருந்தது. நூற்றுத் தொண்ணூற்றாறு டன்.

"தூணுக்கு எல்லை இருநூறுண்ணே. ஜாக்கி இருநூத்திருபதுல போயிரும். ஐப்பசி மழைக்கு மண்ணு அசைஞ்சா எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

மொத்தம் அதே தொள்ளாயிரம்தானே, எப்படி ஒரு தூணுக்கு மட்டும் கூடும் என்று ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேட்டேன். அவள் உற்சாகமாகிவிட்டாள். படித்தவர்களிடம் விஷயம் வாங்க அதுதான் வழி.

"நாலு பேர் பாடை தூக்குறாங்கன்னு வைங்க. ஒருத்தர் தோளை லேசா இறக்கிட்டா?"

"அவனுக்குச் சுகம். மத்தவனுக்கு ஏறும்."

"அதேதான். மூணு பேரா இருந்தா அந்த வேலை நடக்காது. முக்காலி மாதிரி. கால்ல ஒண்ணு குட்டையானா முக்காலி சாயும், ஆனா ஒவ்வொரு காலும் அதே பளுவைத்தான் தாங்கும். எனக்குக் கையில இருக்கறது மூணே சமன்பாடு. மேல இருந்து வர்ற எடையும் கீழ இருந்து தாங்குறதும் சமமா இருக்கணும், முன்னபின்ன சாயக்கூடாது, பக்கவாட்டுல சாயக்கூடாது. மூணு ஆளுன்னா மூணு சமன்பாடு போதும், ஒரே விடை. நமக்கு ஒன்பது ஆளு. ஆறு பேர் விஷயத்துல கணக்கு கையை விரிச்சிரும். அப்ப தூணையேதான் கேக்கணும். நீ எவ்வளவு அமுங்குன, எவ்வளவு விட்டுக்கொடுத்தன்னு. விட்டுக்கொடுத்தவனுக்குப் பளு குறையும். விறைப்பா நிக்கிறவன் தலையில அது ஏறும்."

மிஷின் அப்படித் தூண்களைக் கேட்டுப் பார்த்து, ஐந்தாம் தூண் இரண்டு மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது என்று சொல்லியிருக்கிறது. எதிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் என்று கேட்டேன். மற்றத் தூண்களின் மட்டத்திலிருந்து என்றாள். கொத்தனார் தண்ணீர்க் குழாய் வைத்து மட்டம் பார்ப்பது போலத்தான். கரிசலில் அசையாத இடம் என்று ஒன்று கிடையாது. ஒன்றை வைத்துத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும், எல்லாரும் எங்கே நிற்கிறார்களோ அதுதான் மட்டம்.

பிறகு அவள் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணு, அந்தத் தூண் ஏறியிருக்கணும். இல்லேன்னா மத்த எட்டும் இறங்கியிருக்கணும். ரெண்டுக்கும் மிஷினுக்கு வித்தியாசம் தெரியாது. உங்களுக்கு ஏதாவது தெரியுமாண்ணே?"

"மேடம், எட்டு வியாபாரி ஒத்துமையாச் சேந்து ஒரு காரியம் செஞ்சு நீங்க பாத்திருக்கீகளா?"

அவள் சிரித்துவிட்டாள். சத்தியமான பேச்சு. அவர்கள் ஒற்றுமையாகச் செய்யவில்லை. தனித்தனியாகத்தான் செய்தார்கள்.

வழி சுலபமானது. ஐந்தாம் தூணை இரண்டு மில்லிமீட்டர் இறக்கினால் போதும், ஒன்பதும் மறுபடி நூறில் வந்து நிற்கும். ஆனால் அரை மில்லிமீட்டருக்கு மேலே இறக்க வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும். அதற்கு ஒரு படிவம் உண்டு. 'எனது தூண் மட்டத்துக்கு மேல் உயர்ந்ததையும், அதை நான் உரிய நேரத்தில் தெரிவிக்கத் தவறியதையும் ஒப்புக்கொள்கிறேன்.' கீழே உடையவர் கையெழுத்து. தெரிவிக்காத குற்றத்துக்கு அபராதம் ஒன்றரை லட்சம். கையெழுத்து இல்லாமல் ஜாக்கியைத் தொட்டால் நித்திலாவின் வேலை போய்விடும்.

மேலே கிட்டங்கியில், துவரை மூட்டைகளுக்கு நடுவில், பகல் பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டார்கள். எட்டு முதலாளிகளும் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் தான் ஒருவன்தான் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்ததால், எட்டு முகமும் யோக்கியமாக இருந்தன. ரத்தினவேல் அண்ணாச்சி தணிந்த குரலில், ஏதோ மண்ணின் கோளாறு, ஒரு கையெழுத்தைப் போட்டு விஷயத்தை முடித்துவிடலாம், அபராதத்தில் சங்கம் ஐயாயிரம் கொடுக்கும் என்று சொன்னார்.

ஞானசுந்தரி படிவத்தை வாசித்தாள். "நான் ஏறல" என்றாள்.

"மிஷின் சொல்லுதும்மா."

"மிஷின் எதைப் பாத்துச் சொல்லுது? உங்க எட்டுப் பேரையும் பாத்துத்தான?"

"அப்ப நாங்க எட்டுப் பேரும் இறங்கிட்டோம்கிறீகளா?" அண்ணாச்சிக்கு உண்மையாகவே கோபம் வந்தது. மற்ற ஏழு பேர் நேர்மைக்காக அவர் கோபப்பட்டார்.

"யாரு இறங்குனான்னு எனக்குத் தெரியாது. நான் நின்ன எடத்துல நிக்கேன். தரகரு சொல்லட்டும். எல்லாச் சாவிக்கும் ஜோடி அவருகிட்டதான இருக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எட்டுப் பேர் பார்வையிலும் ஒரே கெஞ்சல். நான் வாயைத் திறந்தால் எட்டு வீட்டு மானம் போகும், என் உரிமம் போகும், ஒருவேளை நான் உள்ளேயும் போவேன். மூடிக்கொண்டால் ஒரு சாக்குக்கடைக்காரிக்கு ஒன்றரை லட்சம் போகும். பேரத்தில் பழகியவனுக்கு இந்தக் கணக்குப் போட ஒரு மூச்சு நேரம் போதும்.

"மண்ணோட விஷயம். நமக்கென்ன தெரியும்" என்றேன்.

அவள் படிவத்தை மடித்து அண்ணாச்சி முன்னால் வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனாள். தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

பத்து நாள் பிடிவாதம் நடந்தது. நித்திலா தினம் போய்ச் சொல்லிப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டால் நான் பொய் சொன்னவளாக ஆகிவிடுவேன் என்று ஞானசுந்தரி ஒரே பதிலைச் சொன்னாள். அவள் கேட்டதும் ஒன்றுதான். எட்டுப் பேரும் இரண்டு மில்லிமீட்டர் ஏறட்டும், கணக்குச் சரியாகிவிடும். கணக்குப்படி அவள் சொன்னதும் சரி. ஆனால் அதற்கு எட்டுப் படிவம், எட்டுக் கையெழுத்து, எட்டு அபராதம்.

பதினோராம் நாள் மழை இறங்கியது. மறுநாள் பலகை இருநூற்று மூன்று. மதியம் சாப்பாட்டு வேளையில், ஐந்தாம் தூணின் உச்சியிலிருந்து ஒரு முழம் காரை பெயர்ந்து, கீழே சோற்று வாளியோடு உட்கார்ந்திருந்த செண்பகத்தின் தோளில் விழுந்தது. பருப்புப் புடைக்கிறவள். எலும்பு முறிந்துவிட்டது. ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். ஜாக்கியின் அடியில் எண்ணெய் கசிய ஆரம்பித்தது.

அரை மணி நேரத்தில் ஞானசுந்தரி என் முன்னால் வந்து நின்றாள். ரத்தம் துடைத்த சாக்குத் துண்டு இன்னும் கையில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் எத்தனை நேரத்தில் இறக்க முடியும் என்று கேட்டாள். ஒரு மணி நேரம் என்றேன். படிவத்தை எடுக்கச் சொன்னாள். வாசித்தாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

"இது பொய்யின்னு உங்களுக்குத் தெரியுமா?"

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அங்கே உண்மைக்குச் செலவில்லை.

"தெரியும்" என்றேன்.

"மண்ணு பொங்குச்சின்னு அன்னைக்குச் சொன்னீகளே. அதுவும்?"

"அதுவும்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் என் கணக்கில் கொஞ்சம் கழிந்திருக்கும். அவள் பேனாவை வாங்கி, பொறுமையாக, முழுப் பெயரையும் எழுதினாள். என் வீம்புக்கு அந்தப் பொம்பளைக சாகக்கூடாது என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனாள். கடைசித் தையல் மிஷினும் அந்த வாரம் விலைக்குப் போனது. அதை வாங்கியவன் நிறையப் பேரம் பேசினான் என்று கேள்விப்பட்டேன். அவள் 'ஒரே விலை' என்று ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஐந்தாம் தூண் இரண்டு மில்லிமீட்டர் இறங்கியது. ஒன்பது பலகையிலும் நூறு. மிஷினில் ஐந்தாம் தூணின் பெயருக்கு நேராக 'உயர்ந்தது, ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று நிரந்தரமாக ஏறிவிட்டது.

மற்ற எட்டுப் பேருக்கும் மறுமாத பில் நாலாயிரத்து எண்ணூறு ரூபாய் கூடியது. அன்று மாலைக்குள் எட்டு அழைப்பு. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாம் கடையைத் தாண்டும்போது ஞானசுந்தரி கூப்பிட்டாள். தைக்க மிஷின் இல்லை. மொத்த விலைக்கு வாங்கிச் சில்லறைக்கு விற்கிற சாக்குகள் அடுக்கி இருந்தன. 'ஒரே விலை' பலகை இருந்த இடத்தில் இரண்டு ஆணி மட்டும் இருந்தது.

"அந்தத் துண்டை விரிங்க" என்றாள்.

விரித்தேன். அவள் கை உள்ளே வந்தது. எந்த விரலுக்கு என்ன விலை என்று அவளுக்குத் தெரியவில்லை, நான்தான் சொல்லிக் கொடுத்தேன். வேகமாகக் கற்றுக்கொண்டாள். என் தரகை நூற்றைம்பதாகக் குறைத்துவிட்டாள். முப்பது வருடத் தரகில் என்னை அப்படி யாரும் இறக்கியதில்லை. அவளுடைய ஜாக்கியையும் அரை மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவாக இறக்கினேன். மிஷின் அதை வெயில் என்று எழுதிக்கொண்டது, மழைக்காலத்தில்.

வாரக் கடைசியில் ஒன்பது பலகையும் நூறு காட்டின.

முதலில் ரத்தினவேல் அண்ணாச்சி கூப்பிட்டார், கொசுறு எங்கே என்று கேட்டார். பிறகு வத்தல் கடை. பிறகு எண்ணெய்க் கடை. தரகு வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டதாக எட்டுப் பேரும் தனித்தனியாக என்னை ஏசினார்கள். நான் நித்திலாவிடம் போனேன். தெரிந்தவர் ஒருவர் கட்டடத்தில் இப்படி நடந்ததாகச் சொல்லிக் கேட்டேன். அவள் இப்போது ஆட்களையும் எடை போடக் கற்றிருந்தாள். நிமிராமலே பதில் சொன்னாள்.

"ஒன்பதும் சேந்து இறங்கினா யாருக்கும் எதுவும் மாறாதுண்ணே. கட்டடம் அரை மில்லிமீட்டர் குள்ளமாகும். அவ்வளவுதான். எட்டுப் பேரோட லாபமும் எங்க இருந்து வந்துச்சுன்னு இப்பவாச்சும் தெரியுதா?"

வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தேன். நாலு மாதத்தில் எட்டுப் பேரும் மிச்சம் பிடித்தது தொண்ணூற்றாறாயிரம். நாலு மாதத்தில் ஞானசுந்தரி அதிகமாகக் கட்டியது தொண்ணூற்றாறாயிரம். ஒரு ரூபாய் பிசகவில்லை. நாங்கள் மண்ணிடமிருந்தும் வாங்கவில்லை, கம்பெனியிடமிருந்தும் வாங்கவில்லை. எங்கள் மொத்தச் சாமர்த்தியமும் ஒரே ஒரு பெண் இறங்காமல் நின்றதில் இருந்திருக்கிறது. அவளை இறங்க வைத்த அன்றே கைமுதல் போய்விட்டது.

இனி மறைத்துப் பயனில்லை என்று அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிர்ச்சியடையவில்லை. மற்ற ஏழு பேரும் வாங்கினார்களா என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். மறுநாள் கிட்டங்கியில் மறுபடி கூட்டம். ஒன்பது பேர், நான், நித்திலா. எட்டுப் பேரும் அன்றைக்குத்தான் ஒருவரையொருவர் முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். யாரும் ஞானசுந்தரியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் அதற்காக வந்தவள் மாதிரி இல்லை.

அண்ணாச்சி யோசனையோடு வந்திருந்தார். மூன்றாம் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் நடுவே பத்தாவதாக ஒரு தூண் எழுப்பலாம். அதைச் சுற்றி ஒரு சின்னக் கடை. வாடகை கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம், தூணின் காப்பீட்டை மட்டும் கட்டினால் போதும். கட்டுகிற செலவு ஒரு வருடத்தில் வந்துவிடும். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஆளு மட்டும் நல்ல ஆளாப் பாக்கணும் தரகரே. பேரம் பேசாத ஆளு, சொன்ன சொல்லு மாறாத ஆளு. ஏமாத்துக்காரன் யாரையும் கொண்டாந்துறாதீக. நமக்குக் கட்டுப்படியாகாது."

யாரும் சிரிக்கவில்லை. வியாபாரம் பேசும்போது நாங்கள் சிரிப்பதில்லை. நித்திலா, தெரியாதது ஒன்பதாக இருந்தது பத்தாகும், சமன்பாடு மூன்றுதான் இருக்கும் என்று மெதுவாகச் சொன்னாள். அதை யாரும் ஆட்சேபமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளும் அப்படிச் சொன்னதாகத் தோன்றவில்லை. வரைபடம் போடுவதற்கு எத்தனை நாள் வேண்டும் என்று கேட்டார்கள், ஒரு வாரம் என்றாள்.

தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னபோது எட்டுக் கைகள் எழுந்தன. ஒன்பதாவது ஆளைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அவள்தான் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"என் தூணுக்கு எத்தனை டன் குறையும்?"

"பத்தாப் பிரிச்சா தொண்ணூறு" என்றேன். "கொசுறோட எண்பத்தேழு."

"பதிமூணு டன்னு" என்றாள். மனதுக்குள் நானூறால் பெருக்கிப் பார்க்கிறாள் என்று உதடு அசைந்ததில் தெரிந்தது. பிறகு கையைத் தூக்கினாள்.

ஆளைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. நல்ல ஆள் கிடைப்பது கஷ்டம் என்பது பேச்சுக்குச் சொல்வதில்லை. நான் ஊர் ஊராக அலைந்திருக்கிறேன். கடைசியில் சிவக்கொழுந்து கிடைத்தார். முப்பத்தொரு வருடம் கடை கடையாகத் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை போட்ட அதிகாரி. ஒரு காப்பிகூட வாங்கிக் குடிக்காதவர் என்று நான்கு ஊர்க் கடைக்காரர்கள் வெறுப்போடு சாட்சி சொன்னார்கள். ஓய்வுபெற்று, நோட்டுப் புத்தகக் கடை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.

திறப்பு விழாவன்று எல்லோரும் போனோம். ஞானசுந்தரி எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் தன் தூண் பலகையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார், தொண்ணூறு. மற்ற ஒன்பதையும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார், எல்லாம் தொண்ணூறு. ஒரு கடைவீதியில் இவ்வளவு நேர்மையான அளவைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

மறுவாரம், கடமைக்கு, துண்டோடு அவரிடமும் போனேன். அவர் அது என்ன துண்டு என்று கேட்டார். சொன்னேன். மறைவாகப் பேரம் பேசுகிற துண்டு என்றதுமே, எதைப் பற்றிய பேரம் என்று கேட்காமலே, முகம் சிவந்து, வெளியே போ என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. தெரியாமல் ஆளை மாற்றிக் கொண்டுவந்துவிட்டோமோ என்று அதுவரை ஒரு பயம் இருந்தது.

மாதக் கடைசியில் நித்திலா பலகைகளைப் படித்துச் சொல்ல, நான் எழுதினேன்.

ஒன்பது தூண்கள், தூணுக்கு எண்பத்தேழு: எழுநூற்று எண்பத்து மூன்று டன்.
பத்தாவது தூண்: நூற்றுப் பதினேழு டன்.
மொத்தம் தொள்ளாயிரம். சரியாக இருக்கிறது.